இரவில் வேலை, பகலில் உறக்கம்: கோலாலம்பூரில் அம்மாவுடன் எந்த வட்டாரத்தில் குடியேறலாம்?

தைப்பிங்காரி எழுதியது:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் தைப்பிங்கைச் சேர்ந்தவள். கடந்த மூன்று ஆண்டுகளாக லண்டனில் இருக்கும் ஒரு கணக்கு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்து வருகிறேன். அலுவலகம் என்று ஒன்றுக்குப் போக வேண்டிய தேவையே இல்லாததால், அம்மாவுடன் ஊரிலேயே இருந்துவிடலாம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஆனால், அம்மாவின் சிறுநீரகச் சிகிச்சை கோலாலம்பூர் மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட பிறகு, மாதம் இருமுறை ஈ.டி.எஸ். என்னும் மின்சார ரயிலில் மூன்று மணி நேரத்துக்கும் மேலாக உட்கார்ந்து போய்வருவது 67 வயதில் அவருக்குப் பெரும் வதையாகிவிட்டது. ஆகவே, வரும் ஜனவரி முதல் ஓராண்டுக்காவது தலைநகரில் வீடு எடுத்துத் தங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

வட்டாரத்தைத் தேர்ந்தெடுப்பதில் என் வேலை நேரம்தான் சிக்கலாக இருக்கிறது. லண்டனில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 5 மணி. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை மாற்றிக்கொள்வதால் அது 4 மணியாகிவிடும். மற்ற மாதங்களில் என் வேலை முடியும்போது நள்ளிரவு 1.30 ஆகும். படுக்கும்போது 2.30, எழும்போது காலை 10. அம்மாவோ ஐந்தரைக்கே எழுந்து, குளித்து, கோயிலுக்குப் போக வேண்டும் என்று நினைப்பவர். அவருக்கு நடந்து போகும் தூரத்தில் கோயிலும் காய்கறிக் கடையும் வேண்டும். எனக்குக் காலையில் அமைதியும் இரவில் தடைபடாத இணையமும் வேண்டும்.

மாதம் 1,800 வெள்ளிக்குள் (ரிங்கிட்) இரண்டு அறை வீடு பார்க்கிறேன். எங்களிடம் ஒரு பழைய மைவி கார் இருக்கிறது. அதை நிறுத்த இடம் வேண்டும். உறவினர்கள் எல்லாரும் ஒரே குரலில் பிரிக்ஃபீல்ட்ஸ் என்கிறார்கள். மாமா ஒருவர் செத்தாப்பாக்கில் வாடகை குறைவு என்கிறார். தோழி ஒருத்தி பங்சார், மொன்ட் கியாரா என்று பெரிய பெயர்களாகச் சொல்கிறாள். இவற்றில் வாழ்ந்து பார்த்தவர்கள் விவரமாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி எழுதியது:

வணக்கம் சகோதரி. பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கே குடியிருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்கள் அம்மாவை மட்டும் கருதினால், வேறு இடத்தைத் தேடவே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயில் இருக்கிறது. இன்னொரு பக்கம் பிள்ளையார் கோயில். நடுவே விவேகானந்தர் ஆசிரமம். பூவும் வாழையிலையும் வெற்றிலையும் வாங்க அவர் யாரையும் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. கடைக்காரர்கள் தமிழிலேயே பேசுவார்கள். தெரியாத ஊரில் பகலெல்லாம் தனியாக இருக்கப்போகும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை என் மாமியார் இங்கு வந்து தங்கியபோது பார்த்தேன். 2001-இல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்ட பிறகு, எந்த ஊருக்குப் போக வேண்டுமானாலும் வாசலிலேயே ரயில் என்றாகிவிட்டது. தைப்பிங்குக்குப் போகும் ஈ.டி.எஸ். ரயிலும் இங்கேதான் நிற்கிறது. மருத்துவமனைக்குப் போவதென்றால் மோனோரயிலில் தித்திவங்சா வரை சென்று, அங்கே எம்.ஆர்.டி. என்னும் மெட்ரோ ரயிலுக்கு மாறி, அடுத்த நிலையத்தில் இறங்க வேண்டும். நோயாளியுடன் போகும்போது அந்த மாற்றம் அலுப்பைத் தரும். பெரும்பாலும் கைப்பேசியில் அழைக்கும் கிராப் வாடகைக் கார்தான் பிடிப்பீர்கள்.

ஆனால், காலை 10 மணி வரை உறங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் எனக்குத் தயக்கம் வந்தது. துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய எந்தக் கட்டடமானாலும், காலை ஆறரைக்குக் கடைகளின் இரும்புக் கதவுகள் தூக்கப்படும் சத்தத்தில்தான் பொழுது விடிகிறது. பிறகு சரக்கு லாரிகள் பின்பக்கச் சந்துக்குள் பின்னோக்கி வரும்போது விடாமல் ஒலிக்கும் அந்தக் கீச்சொலி. அதன் பிறகு சமையல் எரிவாயு உருளைகளை இறக்கும் சத்தம். 2010-இல் இந்தத் தெருவை லிட்டில் இந்தியா என்று அலங்கரித்துத் திறந்த பிறகு, தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கடைகளின் ஒலிபெருக்கிகளும் சேர்ந்துகொள்கின்றன. பகலில் வெளியே போய் இரவில் உறங்குபவனுக்கு இவை ஒரு பொருட்டில்லை. எனக்கு அப்படித்தான் பழகிவிட்டது. உங்களுக்கு அது நடுச்சாமம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வந்தே தீருவது என்றால், ஸ்காட் சாலைப் பக்கமாக, தெருவைப் பார்க்காத வீடாக, பத்தாவது மாடிக்கு மேல் தேடுங்கள். கார் நிறுத்துமிடம் வீட்டோடு சேர்ந்ததா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தெருவில் இடம் தேடித் திரிவது இங்கே அன்றாடப் போராட்டம்.

செந்தூல்_இரவுப்பறவை எழுதியது:

தங்கச்சி, நானும் உங்களைப் போலவே இரவில் வேலை செய்பவள். ஆறு ஆண்டுகளாகச் செந்தூலில் இருந்துகொண்டு ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலில் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில் நான் செய்த தவறு, வேலைக்கு வசதியான வட்டாரத்தைத் தேடியது. வேலை நடக்கும் இடம் ஒரு மேசையும் ஒரு கம்பியும்தான். அது எங்கே இருந்தாலும் நடக்கும். நாம் தேட வேண்டியது உறக்கத்துக்கு வசதியான வட்டாரத்தை. இதை உணர எனக்கு இரண்டு வீடுகளும் ஒரு முன்பணமும் செலவாயின.

செந்தூல் என்றால் ஒரே ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ரயில்வே பட்டறை அமைந்ததால் வந்து குடியேறியவர்கள்தாம் நம்மவர்கள். என் தாத்தாவும் அந்தப் பட்டறையில் வேலை செய்தவர். எல்.ஆர்.டி. என்னும் இலகு ரயில் ஓடும் பக்கம், அதாவது செந்தூல், செந்தூல் தீமோர் நிலையங்களைச் சுற்றிய பகுதி, நெருக்கமானது. சந்தை, மளிகைக் கடைகள், அப்பம் சுடும் ஒட்டுக்கடைகள், கோயில்கள் எல்லாம் அங்கேதான். மேற்குப் பக்கம் மரங்களும் அகலமான சாலைகளும் கொண்டது. காலையில் கூட அங்கே குருவிச் சத்தம்தான் அதிகம். 2023 மார்ச்சில் புத்ராஜெயா எம்.ஆர்.டி. தடம் முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு செந்தூல் பாராட் நிலையம் வந்துவிட்டது. அங்கிருந்து முதல் நிலையம் தித்திவங்சா. இரண்டாவது நிலையத்தின் பெயரே கோலாலம்பூர் மருத்துவமனை. எங்கும் மாற வேண்டியதில்லை. உங்கள் அம்மாவின் நிலையில், இந்த ஒரு காரணத்துக்காகவே நான் வேறு வட்டாரங்களை ஒதுக்கிவிடுவேன். மூத்த குடிமக்களுக்கு ரேப்பிட் கே.எல். ரயில்களில் பாதிக் கட்டணம்தான். அதற்கான அட்டையை வந்த முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள்.

கோயில் என்றால் ஈப்போ சாலையில் செட்டியார் கோயிலான தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பத்துமலைக்கு அந்தச் சாலை வழியாகத்தான் போகும். அன்று மட்டும் உறக்கத்தை மறந்துவிடுங்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவுடன் சாலையோரம் நில்லுங்கள். மற்ற நாள்களில் பத்துமலைக்குப் போக ஆசைப்பட்டால், செந்தூல் கம்யூட்டர் (புறநகர் ரயில்) நிலையத்தில் ஏறினால் கடைசி நிறுத்தம் அதுதான். ஆனால், கம்யூட்டர் அடிக்கடி வராது; நேரம் பார்த்துப் போக வேண்டும். ஒன்று சொல்ல மறந்தேன்: ஈப்போ சாலையின் ஒரு பகுதிக்கு 2014-இல் சுல்தான் அஸ்லான் ஷா சாலை என்று பெயர் மாற்றினார்கள். விளம்பரங்களில் இரண்டு பெயர்களும் கலந்து வருவதால், வேறு இடம் என்று நினைத்து நல்ல வீட்டைத் தவறவிடாதீர்கள்.

வீடு பார்க்கும்போது வெயிலைப் பாருங்கள். நமக்கு ஆண்டு முழுதும் சூரியன் ஏறக்குறைய நேர்கிழக்கில் உதித்து நேர்மேற்கில் மறைகிறது. கிழக்கு பார்த்த படுக்கையறை என்றால் ஏழரை மணிக்கே முகத்தில் வெயில் அடிக்கும். மேற்கு பார்த்த வேலை அறை என்றால், நீங்கள் 5 மணிக்கு உட்காரும்போது திரையில் எழுத்தே தெரியாது. சுவர் பகலெல்லாம் குடித்த வெப்பத்தை இரவு ஒன்பது வரை கக்கிக்கொண்டிருக்கும். என் இரண்டாவது வீட்டில் மேசையை அறைக்கு அறை தூக்கிக்கொண்டு அலைந்தேன். இப்போது இருக்கும் வீடு வடக்கு பார்த்தது. படுக்கையறை ஜன்னலுக்கு ஒளி புகாத கறுப்புத் திரைத்துணி போட்டிருக்கிறேன்; கதவின் அடியில் இருக்கும் இடைவெளிக்கு ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறேன். குக்கர் விசில் இனி என்னை எழுப்பாது.

பங்சார் நல்ல இடம், ஆனால் உங்கள் தொகைக்கு இரண்டு அறை கிடைப்பது அரிது. மொன்ட் கியாராவில் வாசலில் ரயில் இல்லை, அம்மா கூண்டுக்குள் அடைபட்டது போல் உணர்வார். செத்தாப்பாக்கில் வாடகை குறைவு என்பது உண்மை. வங்சா மாஜுவில் எல்.ஆர்.டி.யும் உண்டு. ஆனால் கல்லூரி மாணவர்கள் நிறைந்த கட்டடமா என்று விசாரியுங்கள்.

கம்பிக்காரன் எழுதியது:

வணக்கம் அக்கா. வீடுகளுக்கு ஒளியிழை இணையம் பொருத்தும் வேலையை ஒன்பது ஆண்டுகளாகச் செய்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் நான் ஏறாத கட்டடம் குறைவு. வட்டாரத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

இணையம் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவதில்லை, கட்டடத்துக்குக் கட்டடம் மாறுகிறது. பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் ஒன்றில் யூனிஃபை, டைம், மேக்சிஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் இணைப்பும் இருக்கும். மற்றொன்றில் ஒன்றுதான் இருக்கும். வீட்டைக் காட்ட வருபவரைக் கேட்காதீர்கள், அவர் எல்லாம் இருக்கிறது என்றுதான் சொல்வார். கட்டட நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள். ஒரே கம்பியை நம்பியிருக்கும் கட்டடத்தில் கோளாறு வந்தால், சரிசெய்யும் வரை உங்களுக்கு வேறு வழி இல்லை.

அடுத்ததாக, எல்லாரும் இறக்கும் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் காணொளிக் கூட்டத்தில் பேசுபவர்; உங்கள் முகமும் குரலும் லண்டனுக்குப் போய்ச் சேர ஏற்றும் வேகம்தான் முக்கியம். 300 எம்.பி.பி.எஸ். (வினாடிக்கு மெகாபிட்) என்று விளம்பரம் செய்யப்படும் இணைப்பில் ஏற்றும் வேகம் 50 ஆக இருப்பது சாதாரணம். 50 உங்களுக்குப் போதும். அதில் பாதி கூட வராத வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இரவு 9 மணிக்கு, கட்டடமே தொடர் பார்க்கும் நேரத்தில், வீட்டுக்காரரின் அனுமதியோடு சோதித்துப் பாருங்கள்.

ஒளியிழை என்பது உள்ளே முடியளவு கண்ணாடி. கட்டிலையோ அலமாரியையோ நகர்த்தி அதை மடித்துவிட்டால் ஒளி அந்த மடிப்பிலேயே கசிந்துவிடும். சுவரோரப் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய சிறு விளக்கு சிவப்பாக மின்னினால், உங்கள் கணினியிலோ வைஃபையிலோ குறை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். வீடு பார்க்கப் போகும்போதே அந்தப் பெட்டி எந்த அறையில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பின்னால் இருக்கும். வேலை அறை இரண்டு கான்கிரீட் சுவர்களுக்கு அப்பால் என்றால், அங்கே வைஃபை நொண்டும். கம்பியை அறைவரை இழுக்க அனுமதி உண்டா என்று முன்பே கேளுங்கள்.

ஒப்பந்தமும் முக்கியம். பெரும்பாலான இணைப்புகள் 24 மாத ஒப்பந்தத்தில் வருகின்றன. நீங்கள் இருக்கப்போவது 12 மாதம். உங்கள் பெயரில் எடுத்தால் பாதியில் நிறுத்துவதற்குத் தண்டம் கட்ட நேரிடும். இணைப்பு வீட்டுக்காரர் பெயரிலேயே இருந்து, கட்டணத்தை நீங்கள் கட்டுவது போல் பேசிப் பாருங்கள்.

மாலை இடிமழை உங்கள் வேலை தொடங்கும் நேரத்தில்தான் கொட்டும். மின்சாரம் போனால் மின்கலத்தில் ஓடும் ஒரு சிறிய யு.பி.எஸ். வாங்கி ரௌட்டருக்கும் ஒளியிழைப் பெட்டிக்கும் மட்டும் கொடுங்கள். மின்சாரம் போனாலும் மடிக்கணினியில் வேலை ஓடும். கைப்பேசி இணையத்தை மாற்றாக வைத்திருங்கள், ஆனால் மிக உயரமான மாடிகளில் கைப்பேசி அலை தடுமாறும் வீடுகளும் உண்டு. அறைக்குள் நின்று பேசிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

பழைய_வாத்தியார் எழுதியது:

அன்பு மகளுக்கு, ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். செத்தாப்பாக்கில் எனக்கிருக்கும் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு விடுவதால், மேசையின் அந்தப் பக்கத்திலிருந்தும் சில செய்திகளைச் சொல்ல முடியும்.

முதலில் மனத்துக்கு வருத்தம் தரும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் குரலில் தமிழ் வாடை இருப்பதைக் கேட்டதும், "வீட்டுக்காரர் இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை" என்று சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். என் மகனுக்கு மூன்று இடங்களில் இப்படி நடந்தது. நல்ல சம்பளம், நல்ல வேலை, எதுவும் எடுபடவில்லை. நான்காவது வீட்டைத் தொலைபேசியில் ஒப்புக்கொண்டு, நேரில் அவன் முகத்தைப் பார்த்த பிறகு மறுத்தார்கள். அன்று அவன் திரும்பி வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டதை நான் மறக்கவில்லை. இது அநியாயம். ஆயினும், அம்மாவை அழைத்துக்கொண்டு வெயிலில் போய் வாசலில் அவமானப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்: முதல் செய்தியிலேயே உங்கள் பெயரையும், இருவர் மட்டும் குடியிருக்கப்போவதையும், வேலை விவரத்தையும் எழுதிவிடுங்கள். மறுப்பவர்கள் அங்கேயே விலகிவிடுவார்கள். செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் நம்மவர்கள் பலர் வீட்டுக்காரர்களாக இருப்பதால் இந்தத் தொல்லை சற்றுக் குறைவு.

பணக் கணக்கையும் சொல்கிறேன். வழக்கமாக இரண்டு மாத வாடகை முன்பணம், மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் அரை மாதம், அதோடு முதல் மாத வாடகை கேட்பார்கள். 1,800 வெள்ளி வீட்டுக்கு 6,300 வெள்ளி கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு உள்நாட்டு வருவாய் வாரியத்தின் முத்திரை இடப்பட்டிருக்க வேண்டும். பின்னாளில் முன்பணத்தைக் கேட்டு வழக்காட நேர்ந்தால் முத்திரையில்லாத தாள் உதவாது. சாவியை வாங்கும் நாளிலேயே சுவர் விரிசல், குழாய்க் கசிவு, குளிரூட்டி என எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

சிறுநீரக நோயாளி என்றதால் இன்னொன்று. ஐந்து மாடி பிளாட்டுகளில் மின்தூக்கி இருக்காது. வாடகை குறைவு என்று அவற்றைப் பார்க்கவே வேண்டாம். மின்தூக்கி உள்ள கட்டடமானாலும் எத்தனை மின்தூக்கிகள் ஓடுகின்றன என்பதை நேரில் நின்று எண்ணுங்கள். தண்ணீர்த் தடை வரும்போது கட்டடத்தின் தொட்டி எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று காவலாளியிடம் கேளுங்கள். நிர்வாகத்தைவிட அவர் உண்மையைச் சொல்வார்.

தைப்பிங்காரி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், நீங்கள் சொன்னவற்றை நேரில் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று காத்திருந்ததுதான்.

அம்மாவின் மருத்துவமனை நாளை ஒட்டி நான்கு நாள் சித்தி வீட்டில் தங்கி, ஐந்து வீடுகளைப் பார்த்தோம். வாத்தியார் ஐயா சொன்னபடியே முதல் செய்தியில் எல்லாவற்றையும் எழுதினேன். பதினொரு பேருக்கு எழுதியதில் நான்கு பேர் பதிலே போடவில்லை, இருவர் மறுத்தார்கள். வருத்தமாக இருந்தாலும், அந்த ஆறு வாசல்களுக்கும் அம்மாவை அழைத்துப் போகாமல் இருந்தது நிம்மதியாக இருக்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸில் பார்த்த வீடு அழகானது. அம்மாவுக்கு அந்தத் தெருவை விட்டு வரவே மனமில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு மீண்டும் போய், படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். அண்ணன் எழுதியிருந்த லாரியின் கீச்சொலியை அந்த அரை மணியில் நான்கு முறை கேட்டேன். அம்மாவே, "இதில் நீ எப்படியம்மா தூங்குவாய்?" என்று எழுந்துவிட்டார்.

செந்தூலில் மேற்குப் பக்கம் ஒன்பதாவது மாடியில், தெற்கு பார்த்த வீடு ஒன்று அமைந்திருக்கிறது. வாடகை 1,750 வெள்ளி. கார் நிறுத்துமிடம் ஒன்று அதில் அடக்கம். மூன்று மின்தூக்கிகளும் ஓடுகின்றன. இரவு 9 மணிக்கு ஏற்றும் வேகம் 46 வந்தது. ஒளியிழைப் பெட்டி கூடத்தில்தான் இருக்கிறது. கம்பியை அறைவரை இழுக்க வீட்டுக்கார அம்மா ஒப்புக்கொண்டு, இணைப்பைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். கட்டட வாசலிலிருந்து எம்.ஆர்.டி. நிலையத்துக்கு அம்மாவின் நடையில் பதினான்கு நிமிடம் ஆனது; ஒருமுறை நிழலில் நின்று இளைப்பாறினார். கோயிலுக்கு நடக்கும் தூரம் அவருக்குச் சற்று அதிகம் என்பதால், வெள்ளிக்கிழமைகளில் நான் எழுந்த பிறகு காரில் அழைத்துப் போவது என்று பேசி வைத்திருக்கிறோம்.

அடுத்த வாரம் ஒப்பந்தத்தில் கையெழுத்து. செந்தூல் அக்கா, ஒளி புகாத அந்தக் கறுப்புத் திரைத்துணியை எந்தப் பக்கத்துக் கடையில் தைத்து வாங்கினீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். படுக்கையறை ஜன்னலை அளந்து வைத்திருக்கிறேன்: அகலம் ஆறடி, உயரம் நான்கரை அடி.